எங்கள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்குச் சாமான் தேடிய ஒன்பது வருடம்

எங்கள் வீட்டில் நிற்பது 1960ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ 55 கேம்பிரிட்ஜ். பின்பக்கம் இரண்டு செட்டை வைத்த மொடல். அப்பா 1974இல் வாங்கிச் சுன்னாகம் சந்தியில் ஹயர் ஓடிய கார். பிறகு பல வருடம் கிடுகுக் கொட்டிலுக்குள் கிடந்தது. 2016இல் நான் அதை வெளியே இழுத்தேன். அன்றிலிருந்து ஒன்பது வருடத்தில் சுமார் 35,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. சந்தைக்கும் கோயிலுக்கும் போகிறது, சொந்தக்காரரின் கலியாணத்துக்குப் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றுகிறது, இரண்டு தடவை கொழும்புக்கும் போய் வந்தது. இந்த ஒன்பது வருடத்தில் எந்தச் சாமானை எங்கே தேடினேன், கிடைத்ததில் எது நின்று உழைத்தது, எது காலை வாரியது என்பதை எழுதுகிறேன். பழைய கார் ஒன்றை வளவுக்குள் வைத்துக்கொண்டு, சாமான் கிடைக்காது என்று கைவிட்டு நிற்பவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் நாலு மாதம் எனக்கு வீணாகப் போனது. யாழ்ப்பாணத்து ஸ்ரான்லி வீதியில் கடை கடையாக ஏறி, "ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கு பிஸ்டன் இருக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். கொழும்புக்குப் போய், வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் நடந்தேன். அங்கேயும் கார் பெயரைக் கேட்டவுடனேயே கையை விரித்தார்கள். ஒருவர் மட்டும் அப்பாவின் காலத்துக் கதை நாலு சொல்லித் தேநீர் வாங்கித் தந்து அனுப்பினார்.

திரும்பி வந்து கோண்டாவிலில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அப்பாவின் காரை அந்தக் காலத்திலேயே கழற்றிப் பூட்டியவர். சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே கேட்டார்: "தம்பி, காரின்ர பேரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தரும் தரமாட்டினம். உதுக்குள்ள இருக்கிற எஞ்சின் எது, அது வேற எந்தக் காரில இருக்கு எண்டு தெரியுமோ?" எனக்குத் தெரியாது. "அம்பாசிடர்" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் என் தேடலே திரும்பியது. ஏ 55இல் இருப்பது, ஒஸ்ரினையும் மொறிஸையும் செய்த பிஎம்சி என்ற பிரித்தானிய நிறுவனத்தின் 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின். இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டோர்ஸ் செய்த அம்பாசிடரில் பல வருடம் ஓடியதும் அதே 1489 சிசி எஞ்சின்தான். அம்பாசிடரின் உடம்பு மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் சீரிஸிலிருந்து வந்தது, ஆகவே எங்கள் காருக்கும் அதற்கும் கதவிலோ கண்ணாடியிலோ ஒரு பொருத்தமும் இல்லை. ஆனால் எஞ்சினுக்குள்ளே போனால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அம்பாசிடர் உற்பத்தி 2014இல்தான் நின்றது. இங்கிலாந்தில் அந்த எஞ்சினை மறந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் இந்தியாவில் அதற்குச் சாமான் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தேடிய பிஸ்டன் சென்னையில் கடைத் தட்டில் இருந்தது. நான் அதைப் பிழையான பெயரில் பஞ்சிகாவத்தையில் தேடிக்கொண்டிருந்தேன்.

எஞ்சினைத் திறந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்துப் பழைய கார் எஞ்சின்களுக்கு வேறு இடத்தில் இல்லாத ஒரு வருத்தம் இருக்கிறது. தொண்ணூறுகளில் யுத்தம், பொருளாதாரத் தடை. பெற்றோல் போத்தல் கணக்கில் தங்க விலை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றர் வாயில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால் அவை சமாளித்தன. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்பு என்கிற அடித்தொட்டிக்குள் இருக்கும் ஒயிலையும் தண்ணியாக்கிவிடும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களான றிங்ஸும், சிலிண்டரின் உட்குழியான போரும் காய்ந்தபடி உரசித் தேயும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த இரவில், எங்கள் வீட்டார் ஒன்பது பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கார் மண்ணெண்ணெய்ப் புகையோடு சாவகச்சேரி போய்ச் சேர்ந்தது. நடக்கிற சனத்துக்கு நடுவே முதலாம் கியரில், விடிய விடிய. அந்த ஓட்டத்துக்கான விலையை அது சிலிண்டரில்தான் கொடுத்திருந்தது.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும், அந்த மெக்கானிக் பெரியவர் என் பெருவிரலைப் பிடித்து முதலாம் சிலிண்டரின் மேல் விளிம்பில் வைத்தார். நகத்தை உள்ளே இருந்து மேலே இழுக்கச் சொன்னார். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தடக்கி நின்றது, படியில் கால் தடக்குவது போல. றிங் போய்வருகிற இடம் தேய்ந்து, போகாத இடம் தேயாமல் நின்றதால் வந்த படி அது. நாலு சிலிண்டரிலும் அதே படி. போர் அடிக்கிற, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கிற பட்டறையில் அளந்தபோது ஏற்கெனவே ஒருமுறை இருபது போர் அடித்திருப்பது தெரிந்தது. இனி நாற்பதுதான். நாற்பது என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். அதற்கு மேலே பெரிதாக இடமில்லை. ஆகவே இந்தத் தடவை பிழைவிடக் கூடாது.

சித்தப்பா கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகவிருந்தார். அவரிடம் ஒரு கடதாசி கொடுத்தேன். அதில் கார் பெயரே இல்லை. போர் அளவு 2⅞ அங்குலம், அதாவது 73.025 மில்லிமீற்றர், அதோடு நாற்பது. பிஸ்டன் பின்னின் விட்டம். பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலைவரை உயரம். றிங் எத்தனை, ஒவ்வொன்றும் என்ன தடிப்பு. எல்லாவற்றையும் பழைய பிஸ்டனை வேர்னியரால் அளந்து, பக்கத்தில் படமும் கீறிக் கொடுத்தேன். சித்தப்பா ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் மூன்றாவது கடையிலேயே செற்றை வாங்கிவிட்டார். புதுச்சாமானுக்கு அந்தச் சாலை. கழற்றிய பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் நாளை வீணாக்காதீர்கள்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சாமான்கள் எப்படி இருக்கின்றன? பிஸ்டன், றிங்ஸ், மெயின் பெயறிங், வால்வ் எல்லாமே நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நின்றிருக்கின்றன. விடியக்காலைக் குளிரில் முதல் சுழற்சியிலேயே எஞ்சின் பிடிக்கிறது. புகை இல்லை. ஆனால் ஒரே கடையில் வாங்கியது எல்லாம் ஒரே தரம் என்று இல்லை. ஹெட் கஸ்கெற் இன்றுவரை அசையவில்லை. பக்க மூடிக்கு வந்த கோர்க் கஸ்கெற் ஆறு மாதத்தில் காய்ந்து நொறுங்கியது. இப்போது கோர்க் தகடு வாங்கி, மூடியை அதன்மேல் வைத்துக் கீறி, கத்தரிக்கோலால் நானே வெட்டிக்கொள்கிறேன். அது மூன்று வருடம் தாங்குகிறது. வோட்டர் பம்ப் கதை இன்னும் மோசம். எஞ்சின் ஒன்றென்றால் பம்பும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று அளக்காமல் வாங்குவித்தேன். பூட்டிப் பார்த்தால் பெல்ற் ஓடுகிற புளிச் சில்லு சில மில்லிமீற்றர் முன்னுக்கு நின்றது, பெல்ற் நேர்கோட்டில் வரவில்லை. கடைசியில் பழைய பம்பின் உடம்பை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பெயறிங்கையும் சீலையும் மட்டும் அளவுக்கு வாங்கி மாற்றினோம். அன்றிலிருந்து எந்தச் சாமானையும் பழையதைப் பக்கத்தில் வைத்து அளக்காமல் காசு கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைத் தேடி அலைகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இந்த எஞ்சினின் பின்பக்கம், கிளச் பக்கமாக ஒயில் கசியும். உடனே பின் ஒயில் சீல் வேண்டும் என்று கடை கடையாகக் கேட்பார்கள். அப்படி ஒரு சீலே அதில் கிடையாது. கிராங்க் தண்டில் வெட்டிய சுருள் பள்ளம், சுழலும்போது ஒயிலை உள்ளே திருப்பி எறியும், அவ்வளவுதான். நிற்பாட்டி வைத்தால் இரண்டு சொட்டு விழுவது அதன் இயல்பு. கீழே ஒரு தகரத் தட்டு வைத்தால் போதும். கசிவு கூடினால் மெயின் பெயறிங் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத சீலைத் தேடாதீர்கள்.

வால்வ் போய் அமர்கிற சீற்றுக்கும் ஒரு வார்த்தை. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அந்தக் கால எஞ்சின்களில் ஈயம்தான் எக்ஸோஸ்ற் வால்வ் சீற்றுக்கு ஒரு மெல்லிய காப்புப் போல இருந்தது. அது இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓடினால் சீற் மெல்ல மெல்லக் குழிந்து, வால்வ் இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஹெட் கழன்றிருந்த நேரத்திலேயே கடினமான உலோக வளையங்களை லேத்தில் கடைந்து இறுக்கிவிட்டோம். வால்வ் இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்காக வைத்தேன். இப்போதும் ஒவ்வொரு சேவிஸிலும் அளக்கிறேன், அசைவில்லை. 92 ஒக்ரேன் பெற்றோலே இதற்குத் தாராளம்.

எஞ்சின் முடிந்தது. உடம்புக்கு அம்பாசிடர் உதவாது என்றேனே, அங்கேதான் அடுத்த பாடம். 2018இல் கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு டிப்பரின் சில்லிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி நொறுங்கியது. தட்டைக் கண்ணாடி என்றால் யாழ்ப்பாணத்திலேயே வெட்டுவிக்கலாம். இது வளைந்த கண்ணாடி. ஆனால் இம்முறை எப்படிக் கேட்பது என்று தெரிந்திருந்தது. இந்த உடம்பை வடிவமைத்தது இத்தாலியின் பினின்பரீனா. பிஎம்சி அதே உடம்பை ஐந்து பெயரில் விற்றது: ஒஸ்ரின் ஏ 55 இரண்டாம் மார்க், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஐந்தாம் சீரிஸ், வூல்ஸ்லி 15/60, எம்ஜி மக்னெற் மூன்றாம் மார்க், றைலி 4/68. முகமும் சோடனையும் மாறும், முன்கண்ணாடியும் கதவும் மாறாது. "ஒக்ஸ்போர்ட் ஐந்துக்குக் கண்ணாடி" என்று கொழும்பில் சொல்லி வைத்த பதினோராம் நாள் அழைப்பு வந்தது. இரண்டு பஞ்சு மெத்தைகளுக்கு நடுவே கட்டி, இரவு பஸ்ஸின் கடைசிச் சீற்றுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து அனுப்பினார்கள். விடியப்புறம் பஸ் நிலையத்தில் நின்று, மெத்தையைப் பிரித்து, மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. நடத்துநருக்கும் என்னளவு சந்தோசம்.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. தொண்ணூறுகளில் மைனருக்கான உடற்பாகங்களை இலங்கையிலேயே செய்து, இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். இங்கே ஒரு தகடு அடிக்கத் தெரிந்த கைகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜுக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. எனது முன்கதவின் கீழ்விளிம்பு துரு தின்று போனதைத் திருநெல்வேலியில் ஒரு ரிங்கர் பட்டறையில் தகடு வளைத்து ஒட்டினோம், ஏழு வருடமாக நிற்கிறது.

மின்சாரச் சாமான்களில் எனக்குக் கிடைத்த அடியை மறைக்காமல் சொல்கிறேன். பழைய டைனமோவின் உடம்பில் அப்பியிருந்த கரியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது கீழே எண்கள் தெரிந்தன. லூக்காஸ் நிறுவனம் தன் சாமானில் பாக இலக்கத்தையும், செய்த மாதத்தையும் வருடத்தையும் அச்சடித்திருக்கும். எங்களுடையதில் 1960 இருந்தது. அறுபது வருடம் போன பிறகும் பிரஷ்ஷும் பெயறிங்கும் மாற்றினால் வேலை செய்கிற சாமான். அதையே நம்பிக்கொண்டு, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூற்றருக்கு ரோட்டர் ஆமும் கொண்டென்சரும் புதிதாக வரவழைத்தேன். பெட்டி வடிவானது, பெயரும் நல்ல பெயர். இரண்டாவது மாதம் கார் ஓடிச் சூடேறியதும் நடுவழியில் நிற்கத் தொடங்கியது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஸ்ராட் ஆகும், திரும்பவும் நிற்கும். பெற்றோல் பம்ப், கொயில், காபரேற்றர் என்று மூன்று கிழமை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பெரியவர் வந்து ரோட்டர் ஆமைக் கையில் எடுத்து, பித்தளைத் தகட்டின் நடுவே இருக்கிற ரிவிற்றைக் காட்டினார். அந்த ரிவிற் கீழே தண்டுக்கு மிகக் கிட்டவாக இறங்கியிருந்தது. சூடேறியதும் தீப்பொறி மேலே பிளக்குக்குப் போகாமல் ரிவிற் வழியே தண்டுக்குள் பாய்ந்து நிலத்துக்குப் போய்விடுகிறது. அப்பாவின் தகரப் பேணிக்குள் கிடந்த பழைய ரோட்டர் ஆமில் ரிவிற்றே இல்லை, தகடு அச்சோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தது. அதைத் துடைத்துப் பூட்டினோம். இன்றும் அதுதான் ஓடுகிறது. இப்போது ஒரு மேலதிக ரோட்டர் ஆமும் கொண்டென்சரும் டாஷ் பெட்டியில் எப்போதும் இருக்கும்.

இந்தக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் உடம்போடு இணைந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இலத்திரனியல் இக்னிஷன், றேடியோ எதை வாங்கினாலும் பொசிற்றிவ் எர்த் என்று கேட்டு வாங்க வேண்டும். தெரியாமல் பூட்டினால் முதல் நிமிடத்திலேயே கருகிவிடும்.

தேடித் திரிந்து கிடைக்கிற சாமானைவிட, இருக்கிற சாமானைக் கெடுக்காமல் வைப்பது பெரிய வேலை. எங்கள் காரில் எத்தனை புரிகள் கிழிந்திருந்தன என்று எண்ணினேன், பதினேழு. காரணம் ஒன்றே ஒன்று. அந்தக் காலத்துப் போல்ற்றுகள் யூஎன்எஃப் என்கிற அங்குல அளவுப் புரி. 5/16 அங்குல போல்ற்றின் விட்டம் 7.94 மில்லிமீற்றர். 8 மில்லிமீற்றர் போல்ற்றைக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் யூஎன்எஃப்பில் அங்குலத்துக்கு 24 புரி, மில்லிமீற்றர் போல்ற்றில் ஏறக்குறைய 20. இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும், "நல்லா இறுகிட்டுது" என்று சந்தோசப்பட்டு இன்னும் ஒரு இழுவை இழுத்தால் உள்ளே புரி போய்விடும். ஸ்பனரும் அப்படித்தான். அரை அங்குல நட் 12.7 மில்லிமீற்றர், 13ஆம் நம்பர் ஸ்பனர் அதில் வழுக்கி மூலையை உருட்டிவிடும். நான் முதலில் வாங்கியிருக்க வேண்டியது ஒரு அங்குல ஸ்பனர் செற்றும், புரி அளக்கிற சீப்பும்தான். அந்தச் சீப்பு சின்னஞ்சிறு பொருள். எனக்கு இந்த ஒன்பது வருடத்தில் அதிகம் உழைத்த கருவி அதுதான்.

லேத் பட்டறைகளைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த அனுபவம் பாதிதான். தடை இருந்த காலத்தில் வெளியிலிருந்து ஒரு நட்கூட வராதபோது யாழ்ப்பாணத்தை ஓடவைத்தது இந்தப் பட்டறைகள். அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை. முன்சில்லு திரும்புகிற தண்டான கிங் பின்னுக்குப் புஷ் கடைவித்தோம். முதல் தடவை பித்தளையில். ஒரு வருடத்துக்குள் ஸ்ரியறிங்கில் ஆட்டம் வந்துவிட்டது. இரண்டாம் தடவை வெண்கலத்தில், உள்ளே கிறீஸ் ஓடுகிற பள்ளமும் வெட்டுவித்து. அது இன்னும் இறுக்கமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை கிறீஸ் அடிக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பக்கச் சொக் அப்சோபர் இந்தக் காரில் வெறும் சொக் அப்சோபர் மாத்திரம் அல்ல, அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கை. கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று பூட்ட வழியில்லை. தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒயில் கசிந்து வெறுமையாகி இருந்தது. லேத்தில் அந்த வாயை ஒரு படி கடைந்து, அளவுக்கு ஒரு ஒயில் சீலை இறக்கி, உரிய ஒயிலை நிரப்பினார்கள். இடது பக்கம் ஆறு வருடமாகக் கசியவில்லை. வலது பக்கத்தை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது, தண்டே தேய்ந்திருந்தது காரணம்.

பிறேக்கில் மட்டும் நான் சமாளிப்புக்கு இடம் கொடுப்பதில்லை. சக்கரச் சிலிண்டர்களின் உட்சுவர் துருவால் குழி விழுந்திருந்தது. அதற்கு உள்ளே கறைபிடிக்காத உருக்கில் சிலீவ் இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். உள்ளே போகிற றப்பர் கப்புக்குக் கார் பெயர் தேவையில்லை. அளவுதான் தேவை. முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீற்றர், ஜப்பான் வாகனங்களுக்கும் அதே அங்குல அளவில் கப் வருகிறது, ஸ்ரான்லி வீதியிலேயே வாங்கலாம். உதட்டின் தடிப்பையும் உயரத்தையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். ஒருமுறை, பெட்டி திறக்காத பழைய இருப்பு என்று சொல்லி ஒருவர் அசல் கப் செற் ஒன்று தந்தார். அசல் என்ற சொல்லுக்கு மயங்கிப் பூட்டினேன். நாற்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த றப்பர், மூன்றாம் மாதம் பிளந்து பெடல் தரைக்குப் போனது. நல்ல வேளையாகக் கேற் வாசலில், ஹாண்ட் பிறேக்கால் நிறுத்திவிட்டேன். பழைய இருப்பு என்பது உலோகத்துக்கு நல்லது. றப்பருக்கு ஒருபோதும் வேண்டாம். பிறேக் ஒயில் இல்லையென்று எஞ்சின் ஒயிலை ஊற்றுகிற பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அந்த ஒயிலில் கப் ஊதிப் பெருத்துச் சிலிண்டருக்குள்ளேயே இறுகிவிடும்.

றப்பர் சாமான்களுக்கு நான் நம்புவது லண்டன் வழி. எஞ்சின் மவுண்டிங், கண்ணாடி றப்பர், கதவு றப்பர் எல்லாம் அங்கே இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். தபாலில் எடுத்தால் கூலி சாமானைவிடக் கூட. நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சான் குடும்பத்தோடு வருவார். சித்திரை பிறந்ததும் நான் பட்டியலை அனுப்பிவிடுவேன், அவர் வீட்டு விலாசத்துக்குச் சாமான் வந்து சேரும், ஆவணியில் பெட்டிக்குள் பிள்ளைகளின் சட்டைகளுக்கு நடுவே வந்திறங்கும். பாவித்த காபரேற்றர், பெற்றோல் பம்ப் போன்றவை என்றால் முற்றாகக் கழுவிக் காயவைத்து, பெற்றோல் மணமே இல்லாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் மணம் வந்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். 2022இல் இங்கிலாந்துப் பவுணின் விலை 400 ரூபாவைத் தாண்டியபோது இந்த வழியும் அடைபட்டது. பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் பாஸில் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலம் அது. காரை அதிகம் எடுக்கவில்லை, ஆனால் ஞாயிறு தோறும் பத்து நிமிடம் ஓடவைத்தேன். ஓடாமல் நிற்கிற கார்தான் அதிகம் சாமான் கேட்கும்.

இப்போது சென்னைக்கு வழி சுருங்கிவிட்டது. பலாலியிலிருந்து 2019இல் தொடங்கிய விமானம் கொரோனாவில் நின்று 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் 2023இல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் திரும்பவும் ஓடியது. எங்கள் வீட்டிலிருந்து காங்கேசன்துறை அரை மணித்தியாலம். முன்பு கொழும்பு சுற்றிப் போய்வந்த பிஸ்டன் இனிக் கடல் தாண்டி நேராக வரலாம்.

கடைசியாக ஒரு சாமானைப் பற்றி. சாரதிப் பக்கக் கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பொறியில் பற்சில்லு ஒன்று பல் உதிர்ந்துபோனது. எங்கும் கிடைக்கவில்லை. பருத்தித்துறைப் பக்கம் ஒரு வீட்டில் ஒக்ஸ்போர்ட் ஐந்து ஒன்று வேப்பமரத்துக்குக் கீழே நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அந்த வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேலே. விற்பீர்களா என்று நான் கேட்கவே இல்லை, காரின்மேல் விழுந்திருந்த சருகுகளை அவர் விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். "அவர் வைச்சிருந்த கார் தம்பி. குடுக்கமாட்டன். மாதிரிக்கு வேணுமெண்டால் கழட்டிக்கொண்டு போய்ப் பாத்திட்டுக் கொண்டு வாரும்" என்றார். பெயரையும் ஊரையும் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார், எழுதினேன்.

அந்தப் பற்சில்லை மாதிரியாக வைத்து, கோண்டாவில் லேத்தில் மூன்று கடைவித்தோம். பல்லின் சரிவைச் சரியாகப் பிடிக்க இரண்டு நாள் எடுத்தது. ஒன்று எங்கள் கதவில். ஒன்று பேணிக்குள். மூன்றாவதை அவருடைய பொறியோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்து, நானே கதவில் பூட்டி, கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டினேன். கொப்பியில் என் பெயரை வெட்டிவிட்டார்.

போன மாதம் அந்த வீட்டிலிருந்து அழைப்பு. கனடாவிலிருந்து பேரன் வந்திருக்கிறான், காரை ஓடவைக்க வேண்டும் என்கிறான், பிஸ்டன் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அதே 1489 சிசி எஞ்சின். வருகிற சனிக்கிழமை ஹெட்டைக் கழற்றப் போகிறோம். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரை ஏற்றிக்கொண்டு எங்கள் கேம்பிரிட்ஜில்தான் போகிறோம். பேரனின் நகம் எந்த இடத்தில் தடக்குகிறது என்று பார்த்த பிறகுதான் சென்னைக்குக் கடதாசி எழுத வேண்டும்.